நிட்டிங் மெஷினில் பால்மர வெட்டு: ஒரு புராஜெக்ட் படும் பாடு

ஒரு வாசகர் கேட்டது: மெஷினில் பின்னுவதெல்லாம் ஒரு வேலையா? பட்டனைத் தட்டினால் துணி வந்து விழுகிறது. அதுவும் நம்ம ஊர் வெயிலில் ஸ்வெட்டர் யாருக்கு? ஃபேஷன் படிக்கிற பிள்ளைகள் பாத்திக், சேலை என்று நமக்கு ஒத்துவருகிற ஒன்றை எடுத்துச் செய்தால் ஆகாதா?

2 ஜூன், இரவு 11.40

இந்தக் கேள்வி என்னைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன், ஏனென்றால் போன வாரம் மெஷின் படம் போட்டது நான் ஒருத்திதான். ஊர் மலேசியாவில் சுங்கை சிப்புட். ஃபேஷன் டெக்ஸ்டைல் இரண்டாம் ஆண்டு. இப்போது செமஸ்டர் லீவு, செப்டம்பரில் புராஜெக்ட் ஒப்படைக்கணும்.

முதலில் பட்டன். என் மெஷினில் பட்டன் இல்லை, பிளக்கே இல்லை. கரண்ட் போனாலும் ஓடும். பிரதர் கே.எச். 860, பஞ்ச் கார்டு (துளை போட்ட அட்டை) வைத்து ஓட்டுவது. ஒரு நீளமான தட்டில் 200 ஊசிகள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் 4.5 மில்லிமீட்டர். அதன் மேல் வண்டி மாதிரி ஒன்று இருக்கிறது (கேரியேஜ் என்பார்கள், எங்கள் வீட்டில் வண்டிதான்), அதைப் பிடித்து இடமும் வலமும் தள்ள வேண்டியது நம் கைதான். 500 வரிசை தள்ளிவிட்டு மறுநாள் தோளைத் தூக்கிப் பாருங்கள், பட்டனா இல்லையா என்று தெரியும்.

இரண்டாவது, இது நேற்று வந்த சமாச்சாரம் இல்லை. இங்கிலாந்தில் வில்லியம் லீ பின்னல் சட்டகம் செய்தது 1589-ல். இப்போது என் மெஷினில் இருக்கிற, நாக்கு வைத்த ஊசிக்கு மேத்யூ டவுன்சென்ட் காப்புரிமை வாங்கியது 1849-ல். தறியில் ஓடும் துளை கார்டு என்றால் ஜக்கார்ட் பேரை எல்லாரும் சொல்வார்கள், ஊசி செய்தவனை ஒருவரும் சொல்வதில்லை.

2 ஜூன், இரவு 11.55

ஸ்வெட்டர் விஷயத்துக்குப் பதில் சொல்ல மறந்துவிட்டேன். உங்கள் உடம்பில் இப்போது இருக்கிற டீ சட்டை பின்னல் துணி. உள்ளே பனியன் இருந்தால் அதுவும்தான். திருப்பூரில் ஓடுவது முழுக்க இந்தப் பின்னல்தான், மெஷின் மட்டும் வட்டமாக இருக்கும். கைலியும் சேலையும்தான் நெய்த துணி. ஆக இந்த வெயிலிலும் நாம் பின்னல் துணி போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம், அங்கிள். (அங்கிள்தானே? அண்ணன் என்றால் மன்னிக்கவும்.)

5 ஜூன்

மெஷின் எங்கே கிடைத்தது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஈப்போவில் ஒரு சீன ஆன்ட்டி வீட்டில். அந்தக் காலத்தில் கேமரன் மலைக்குப் போகிறவர்களுக்கு ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தவராம், கண் மங்கியதும் கட்டில் அடியில் தள்ளிவிட்டார். 450 வெள்ளி (ரிங்கிட்), கூடவே ஒரு டின் பட்டர் பிஸ்கட் கொடுத்து அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து வண்டியைத் தள்ளினால் நகரவில்லை. பழைய எண்ணெய் இறுகி மெழுகு மாதிரி ஆகிவிட்டது. 200 ஊசியையும் உருவி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பழைய பல் பிரஷால் தேய்த்து, தையல் மெஷின் எண்ணெய் விட்டு ஏற்ற இரண்டு நாள் ஆனது. அப்படியும் கண்ணிகள் (பின்னலின் ஒவ்வொரு வளையமும் ஒரு கண்ணி) நழுவிக்கொண்டே இருந்தன. காரணம் வேறு. ஊசிகளுக்கு மேலே ஒரு இரும்புப் பட்டைக்குள் ஸ்பாஞ்ச் வைத்திருப்பார்கள், அதுதான் ஊசிகளைத் தலை தூக்க விடாமல் அழுத்திப் பிடிப்பது. நம்ம ஊர் சூட்டில் அது கரைந்து கறுப்புப் பிசினாக ஓடியிருந்தது. புது ஸ்பாஞ்சை ஆன்லைனில் வாங்கலாம், நான் ஜன்னல் இடுக்கில் ஒட்டுகிற ஸ்பாஞ்ச் டேப்பை 6 வெள்ளிக்கு வாங்கி ஒட்டினேன். ஓடுகிறது. பழைய மெஷின் வாங்குகிறவர்கள் வேறு எதையும் பார்க்காதீர்கள், அந்தப் பட்டையை உருவிப் பாருங்கள். நசுங்கியிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

9 ஜூன்

இந்த வாரம் முழுக்க மாதிரித் துண்டுதான். எண்ணிப் பார்த்தேன், 31.

முதலில் கண்ணி எப்படி விழுகிறது என்று உட்கார்ந்து மெதுவாகப் பார்த்தேன், பூதக்கண்ணாடி வைத்து. ஊசி முன்னால் வரும்போது பழைய கண்ணி நாக்கைத் திறந்துகொண்டு பின்னால் தண்டுக்குப் போகிறது. புது நூல் கொக்கிக்குள் விழுகிறது. ஊசி பின்வாங்கும்போது பழைய கண்ணியே வந்து நாக்கை மூடிவிட்டு மேலே ஏறிக் குதித்துவிடுகிறது. அவ்வளவுதான். கதவைத் திறந்தவனே மூடிவிட்டுப் போகிற மாதிரி.

இதில் எந்த இடத்தில் நாம் குறுக்கே புகுந்தாலும் வேறு துணி வரும். பழைய கண்ணி முழுதாகத் தாண்டாமல் புது நூலும் கொக்கியில் சேர்ந்துகொண்டால் டக். துணி அகலமாகும், உயரம் குறையும், புடைப்பு புடைப்பாக நிற்கும். ஊசி நூலையே எடுக்காமல் சும்மா இருந்தால் ஸ்லிப். நூல் பின்னால் மிதந்து போகும், துணி ஒடுங்கும். ஊசியையே வேலையிலிருந்து எடுத்துவிட்டால் அங்கே ஏணி மாதிரி படிகள் விழும். பஞ்ச் கார்டு செய்வது இதில் எந்த ஊசிக்கு எது என்று பொறுக்கிக் கொடுப்பது மட்டுமே, 24 ஊசிக்கு ஒரு முறை திரும்பத் திரும்ப.

டக்கில் ஆசைப்பட்டு ஒரே ஊசியில் ஏழு வரிசை நூலைச் சேர்த்தேன். கொக்கி கொள்ளவில்லை, வண்டி நடுவழியில் மாட்டிக்கொண்டது, ஒரு ஊசி வளைந்தது. நாலுக்கு மேல் போகாதீர்கள்.

கார்டு பற்றி இன்னொன்று. பிளாஸ்டிக் ஃபைல் அட்டையை வெட்டி நானே கார்டு செய்யலாம் என்று ஆபீஸ் பஞ்ச்சால் துளை போட்டேன். அந்தத் துளை ஆறு மில்லி. பக்கத்துப் பக்கத்துத் துளைகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து ஜன்னலாகிவிட்டது. மெஷினுக்கு என்று ஒரு சின்ன பஞ்ச் இருக்கிறது, அந்த ஆன்ட்டி டின்னுக்குள் பிஸ்கட்டுக்கு அடியில் அதையும் போட்டு வைத்திருந்தது இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. பிஸ்கட் தீர்ந்த பிறகு.

10 ஜூன்

திருப்பூர்க்காரர் ஒருவர் "கண்ணி என்று யார் சொல்கிறார்கள், லூப் என்றுதான் சொல்வோம்" என்கிறார். சரி. எனக்குக் கண்ணிதான் பிடித்திருக்கிறது, மாட்டிக்கொள்வது நான்தானே.

16 ஜூன்

லெக்சரர் வாட்ஸ்அப்பில் கேட்டார், டெக்னிக் எல்லாம் சரி, கான்செப்ட் எங்கே என்று. உன் கலாச்சாரத்திலிருந்து ஏதாவது எடு, கோலம் எடுக்கலாமே என்றார். கோலம் அழகுதான். ஆனால் என் வகுப்பில் இருக்கிற மூன்று இந்தியப் பிள்ளைகளில் இரண்டு பேர் ஏற்கெனவே கோலம், மூன்றாவது நான். தவிர எங்கள் வீட்டில் கோலம் பொங்கலுக்கு மட்டும்தான், அதுவும் கடையில் வாங்கின ஸ்டிக்கர்.

எங்கள் வீட்டில் தினமும் இருந்தது வேறு. அம்மா இருபத்தாறு வருஷம் பால்மரம் வெட்டினார், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுக்கிற வேலை. காலை நாலு மணிக்கு எழுந்து பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்பு) போய், நிரையில் (மர வரிசை) ஏறி, வெயில் ஏறுவதற்குள் வெட்டி முடிக்கணும். விடியற்காலையில்தான் மரத்துக்குள் அழுத்தம் அதிகம், பால் நன்றாக இறங்கும், சூடு ஏறினால் குறைந்துவிடும். மழை பெய்து பட்டை நனைந்தால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் சம்பளம் இல்லை. அந்தத் தோட்டத்தில் இப்போது முழுக்கச் செம்பனை. லயத்தையும் (தொழிலாளர் வீட்டு வரிசை) உடைத்துவிட்டார்கள், நாங்கள் டவுன் பக்கம் தாமானுக்கு (வீடமைப்புக் குடியிருப்பு) வந்து பதினொரு வருஷம் ஆகிறது.

அம்மா பட்டை சீவின உளி மட்டும் அடுப்படி மேல்தட்டில் பழைய கைலித்துணியில் சுற்றியபடி இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே சோறு சாப்பிட்டபோதுதான் தோன்றியது. மரத்தில் விழுகிற சாய்வு வெட்டு. பின்னல் துணியில் வரிசைகள் நேராகத்தான் போகும். அதைச் சாய்க்க முடியுமா?

21 ஜூன்

முடியும். ஹோல்டு லீவரை எச் பக்கம் திருப்பிவிட்டு, சில ஊசிகளை ஈ நிலைக்கு, அதாவது முழுதாக முன்னால் இழுத்துவிட்டால், வண்டி அவற்றைத் தொடாமல் போகும். கண்ணி ஊசியிலேயே காத்திருக்கும். இரண்டு வரிசைக்கு ஒரு முறை இன்னும் சில ஊசிகளை இழுத்துக்கொண்டே போனால், ஒரு பக்கம் வரிசை ஏற ஏற மறுபக்கம் நின்றுவிடும். முக்கோணம் கிடைக்கும். பிறகு எல்லா ஊசியையும் வேலைக்குத் திரும்பக் கொண்டுவந்து வேறு நிறத்தில் ஒரு வரிசை ஓட்டினால் அந்த வரிசை சரிவாகப் போகும். திரும்புகிற இடத்தில் நூலைக் காத்திருக்கிற ஊசிக்கு அடியில் ஒரு சுற்று சுற்றாவிட்டால் சின்ன ஓட்டை விழும்.

அம்மாவிடம் கேட்டேன், சரிவு எவ்வளவு என்று. "முப்பது டிகிரி, ஒட்டு மரத்துக்கு. கொட்டை மரம்னா கொஞ்சம் படுத்த மாதிரி, இருபத்தஞ்சு." (ஒட்டு மரம் ஒட்டுக் கட்டி வளர்த்தது, கொட்டை மரம் விதையிலிருந்து முளைத்தது.) இவ்வளவு துல்லியமாக வரும் என்று எதிர்பார்க்கவில்லை. புது மரத்துக்குத் தகரத் தகடு வைத்துக் கோடு கீறித்தான் முதல் வெட்டுப் போடுவார்களாம், அதனால் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது என்றார்.

இப்போது கணக்கு. என் துணியில் 10 சென்டிமீட்டருக்கு 28 கண்ணி, 40 வரிசை. இரண்டு வரிசைக்கு இரண்டு ஊசி நிறுத்தினால் சரிவு 35 டிகிரி வருகிறது. மூன்று ஊசி நிறுத்தினால் 25. அட, கொட்டை மரம்! ஒரு தடவை இரண்டு, அடுத்த தடவை மூன்று என்று மாற்றி மாற்றி நிறுத்தினால் 29 சொச்சம். ஒட்டு மரம். 60 ஊசிக்கு 24 திருப்பம், 48 வரிசை, ஒரு பக்கம் 12 சென்டிமீட்டர் ஏறும். பள்ளிக்கூடத்தில் டேன் தீட்டா எதற்கு என்று அழுதவள் நான்.

பின்னி முடித்து மெஷினில் தொங்குவதைப் பார்த்தால் அப்படியே வெட்டு. இடது மேலிருந்து வலது கீழே. சாம்பல் பட்டையில் வெள்ளைக் கோடு. படம் போட்டிருக்கிறேன், பாருங்கள்.

22 ஜூன், காலை

லைக் போட்ட எல்லாரும் மன்னிக்கவும், தப்பு.

மெஷினிலிருந்து எடுத்து அம்மா கையில் கொடுத்தேன். இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, "இது யார் வெட்டின மரம்? நாட்டுக்கு வந்த மறுநாளே நிரைக்கு அனுப்பினவன் வெட்டினதா?" என்றார். எதிர்ச் சாய்வு. வலது மேல், இடது கீழ்.

ஏன் என்றால், மெஷினில் உட்கார்ந்திருக்கிறவளுக்குத் தெரிவது துணியின் பின்பக்கம். முன்பக்கம் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கண்ணாடியில் பார்க்கிற மாதிரி, நான் பார்த்த சரிவு முன்பக்கத்தில் மாறிவிடும். இது முதல் செமஸ்டர் பாடம். எனக்குத் தெரியும். தெரிந்தும் செய்தேன்.

அம்மாவிடம், எந்தப் பக்கம் சாய்ந்தால் என்னம்மா, யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்டுவிட்டேன். அதற்கு அரை மணி நேரம். பட்டைக்குள் பால் ஓடுகிற குழாய்கள் நட்டுக்குத்தலாக நிற்பதில்லை, மேலே போகப் போகக் கொஞ்சம் வலது பக்கம் சாய்கின்றன. இடது மேலிருந்து வலது கீழாக வெட்டினால் அவற்றின் குறுக்கே கத்தி போகும், நிறையக் குழாய் அறுபடும், பால் கூடும். எதிர்ப்பக்கம் வெட்டினால் அதே நீள வெட்டுக்குப் பால் குறையும். "மரம் கொடுக்கிற பக்கம்தான் வெட்டணும், உனக்குப் பிடிச்ச பக்கம் இல்ல."

22 ஜூன், மதியம்

"துணியைத் தலைகீழாகத் திருப்பிப் பிடிச்சா சரியாகிடுமே தங்கச்சி" என்று ஒரு அண்ணன். ஆகாது அண்ணே. ஒரு பேனாவைச் சாய்த்து வைத்து, மேசையோடு முழுசா ஒரு அரைச் சுற்று சுற்றிப் பாருங்கள், அதே சாய்வுதான் இருக்கும். கண்ணாடியால் மட்டும்தான் மாறும். நானும் காலையில் பத்து நிமிஷம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் ஒத்துக்கொண்டேன், ஆகவே வெட்கப்பட வேண்டாம்.

வழி: வண்டியை வலது பக்கம் நிறுத்தி, இடது கோடியிலிருந்து ஊசிகளை நிறுத்த ஆரம்பிக்கணும். மெஷினில் பார்க்கத் தப்பாகத் தெரிகிற சரிவுதான் சரி.

30 ஜூன்

துரியான் வந்துவிட்டது, வீடு முழுக்க வாடை, நூலிலும் ஏறியிருக்கிறது. லெக்சரர் மோந்து பார்க்காமல் இருந்தால் சரி.

இன்றைய கூத்து. ஒரு சரிவு போட்டால் துணி ஒரு பக்கம் நீண்டுவிடும், அதனால் வெள்ளை வரிசை ஓட்டிய பிறகு அதே கணக்கில் எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு முக்கோணம் போட்டு நிரப்பணும். அப்போதுதான் துண்டு மறுபடி சதுரமாகும். அக்கா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டியதில் அதை மறந்து முக்கோணத்துக்கு மேல் முக்கோணமாக ஒரே பக்கம் போட்டுக்கொண்டே போயிருக்கிறேன். எடுத்துத் தரையில் போட்டால் விசிறி. சரி, இன்னும் போட்டால் வட்டமாக மூடுமா? 30 டிகிரி என்றால் 12 முக்கோணத்தில் 360. போட்டேன். மூடியது. கீழே போட்டால் தட்டையாகப் படுக்காமல் ஓரம் மட்டும் அலை அலையாக நிற்கிறது.

1 ஜூலை

அலைக்குக் காரணம் தூங்கி எழுந்ததும் தெரிந்தது. நான் செங்கோண முக்கோணம் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். துணி அப்படிப் படுப்பதில்லை, வெளி ஓரம் வில்லாக வளைகிறது. ஆரம் 21.4 சென்டிமீட்டர், ஓரம் 12. அப்படிப் பார்த்தால் ஒவ்வொன்றும் 32 டிகிரி. 11 போட்டிருந்தால் போதும். ஒன்றைப் பிரித்தேன், தட்டையாகிவிட்டது. இப்போது நாற்காலியில் கிடக்கிறது, பூனை படுத்துக்கொள்கிறது.

8 ஜூலை

ரப்பர் தோட்டத்துப் பிள்ளை ரப்பர் நூலைத் தொடாமல் இருக்கலாமா? மலேசியாவே ரப்பர் நூல் ஏற்றுமதிக்குப் பேர் போன நாடு. பாலைச் சின்னத் துளை வழியாக அமிலத் தொட்டிக்குள் விட்டு இழையாக உறைய வைப்பார்கள், அதுதான் ஜட்டி இலாஸ்டிக்குக்குள் இருப்பது. தெரிந்தவர் ஒருவர் ஒரு சுருள் கொடுத்தார், ஒட்டாமல் இருக்கப் பவுடர் தூவிய நூல். வெள்ளை வரிசைக்கு இதைப் பருத்தியோடு சேர்த்து ஸ்லிப்பில் ஓட்டினால் வெட்டு உள்வாங்கிப் பள்ளமாகும் என்று திட்டம். பள்ளம் நன்றாகத்தான் வந்தது. ஒரு வாரம் கழித்துத் தொட்டால் பிசுபிசு. நூல் ஊதியிருக்கிறது, இழுத்தால் அறுகிறது.

எண்ணெய். ஊசித் தட்டு முழுக்க நான் விட்ட தையல் மெஷின் எண்ணெய். இயற்கை ரப்பருக்கு எண்ணெய் ஆகாது, உறிஞ்சி ஊதிவிடும். அம்மா, "இதை என்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றார். எதைத்தான் கேட்காமல் செய்கிறேனோ, அதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இப்போது லைக்ரா சேர்த்த நூல். மாஸ்டில் (நூலை மேலே தாங்குகிற கம்பி) மாட்டி இழுவிசை கொடுத்தால் ஊசி துள்ளுகிறது, அதனால் கையாலேயே தளர்வாக விடுகிறேன். பருத்திக்கு மெழுகுவத்தியைத் தேய்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அறுந்துகொண்டே இருக்கும். சாமி மேடையிலிருந்து எடுக்காதீர்கள், திட்டு விழும்.

15 ஜூலை

அழுதுவிட்டேன், பிறகு எழுதுகிறேன்.

16 ஜூலை

சரி. முன்பக்கத் துண்டு முடிந்து ஓரம் சுருட்டிக்கொண்டிருந்தது (ஒற்றைப் பின்னல் சுருளத்தான் செய்யும்). அம்மா உதவி என்று நினைத்துச் சூடான அயன் பெட்டியை நேராக வைத்துத் தேய்த்துவிட்டார். அக்ரிலிக். சூடு பட்ட அக்ரிலிக் செத்துப்போய்விடும், திரும்ப எழாது. புடைப்பு, பள்ளம் எல்லாம் போய் வழவழவென்று, ஈரத்துணி மாதிரி தொங்கியது. நான் ஒன்றும் சொல்லவில்லை, அறைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் கதவுக்கு வெளியே மைலோ வைத்திருந்தார்.

இன்று அந்தச் செத்த துண்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். மோசம் இல்லை. நல்ல வழுக்கு, துணி அழகாக மடிந்து விழுகிறது. வேண்டுமென்றே ஒரு இடத்தை மட்டும் கொன்றால்? குறித்துவைக்கிறேன்.

28 ஜூலை

நேற்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு கம்போங் ஓரத்தில் ஒருவர் வைத்திருக்கும் ரப்பர் மரங்களுக்குப் போனேன். அவர் பாலாக விற்பதில்லை, மங்கிலேயே (பால் வடிகிற கிண்ணம்) கட்டியாக விட்டு மூட்டை கட்டி விற்கிறார். வாடையைக் கேட்காதீர்கள்.

அம்மா முதலில் வெட்டின இடத்தில் காய்ந்து ஒட்டியிருந்த ஒட்டுப்பாலை நகத்தால் நெம்பி ஒரே இழுப்பில் உரித்தார், நீளமாக, அறாமல், நாடா மாதிரி. பிறகு உளி. கை மட்டும் போகவில்லை, இரண்டு காலும் மரத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன அடியாக நகர்கின்றன. பட்டை சீவல் சுருண்டு விழுகிறது, இரண்டு மில்லிகூட இருக்காது. உள்ளே மரத்தைத் தொடக்கூடாது, ஒரு மில்லி பட்டையை விட்டுவைக்கணும். தொட்டால் காயம், அங்கே பட்டை திரும்ப வளரும்போது முடிச்சு முடிச்சாக வளரும், அடுத்த முறை வெட்டவே முடியாது. மாதத்தில் ஒரு அங்குலத்துக்கு மேல் பட்டை இறங்கினால் கங்காணி சத்தம் போடுவாராம். எப்படிம்மா அளவு தெரியும் என்றால், "சத்தம் மாறும்" என்றார். அது எனக்குப் புரிந்தது. வண்டி மாட்டப்போவதற்கு ஒரு கணம் முன்னால் சத்தம் மாறும்.

வெட்டு மரத்தைச் சுற்றி முழுசாகப் போவதில்லை, பாதிச் சுற்றுதான். மறுபாதி ஓய்வு. பழைய வெட்டு ஆறி, புதுப் பட்டை மூடியிருக்கும் பக்கம் மேடு பள்ளமாக இருக்கிறது. கையை வைத்துப் பார்த்தேன். டக்.

வரும் வழியில் நான் படம் காட்டி, அழகா இருக்குல்ல அம்மா என்றேன். "அழகாத்தான் இருக்கு. இருபத்தாறு வருஷத்தில நான் அந்த மரத்தை அழகுன்னு பார்த்ததில்ல. கொசுவும் அட்டையும்தான் பார்த்தேன்." அதிலிருந்து யோசனையாகவே இருக்கிறது. ஷா ஆலம் ஏசி ஹாலில் ஒரு மெல்லிய பெண் இதைப் போட்டு நடக்கப்போகிறாள், கீழே ஒரு அட்டையில் "என் அம்மாவின் உழைப்பு" என்று எழுதுவார்கள். அப்படி எழுத மாட்டேன் என்று மட்டும் முடிவு பண்ணியிருக்கிறேன். வெட்டின் கோணத்தை எழுதுகிறேன், போதும்.

20 ஆகஸ்ட்

கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள், இதோ வடிவம். கையில்லாத நீளச் சட்டை. முன்பக்க நடுப்பட்டை 70 ஊசி, அதில் நாலு வெட்டு. ஒவ்வொன்றுக்கும் 28 திருப்பம், 56 வரிசை, 14 சென்டிமீட்டர். கோடு வெள்ளைப் பருத்தியும் லைக்ராவும். திருப்பத்தில் விழுகிற ஓட்டைகளை அடைக்காமல் விட்டேன், நூலைச் சுற்றி அடைத்துப் பார்த்த துண்டு ரொம்பச் சுத்தமாக, கடைத்துணி மாதிரி இருந்தது. ஒவ்வொரு வெட்டின் கீழ்முனையிலும் ஒரு ஊசியை வேலையிலிருந்து எடுத்து ஏணி இறக்கியிருக்கிறேன், பால் மங்குக்கு இறங்குகிற இடம். முதுகு முழுக்க டக், ஆறின பட்டை.

முதுகில்தான் ஒரு முட்டாள்தனம். முன்பக்கத்துக்கு எத்தனை ஊசியோ அத்தனையே முதுகுக்கும் போட்டேன். டக் அகலமாக்கும் என்று 9 ஜூனில் நானே எழுதியிருக்கிறேன், மேலே போய்ப் பாருங்கள். இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் முதுகு ஒரு கை அகலம் கூடுதல். பிரித்து, 26 ஊசி குறைத்து, மறுபடி. இரண்டு நாள், ஒரு தோள்பட்டை, அரை பாட்டில் மினியாக் கப்பாக் (கோடாலித் தைலம்).

14 செப்டம்பர்

ஒப்படைத்தாயிற்று. பேனலில் இருந்த ஒருவர் திருப்பிப் பார்த்து, பின்பக்கம் இன்னும் நன்றாக இருக்கிறதே, ஏன் உள்ளே வைத்தாய் என்றார். பின்பக்கம்தான் நான் மெஷினில் மூன்று மாதம் பார்த்தது, எனக்கும் அதுதான் பழக்கம். ஆனால் அது எதிர்ச் சாய்வு சார் என்றேன். யாருக்கு அது தெரியும் என்றார். அம்மாவுக்குத் தெரியும் என்றேன். சிரித்தார்கள். மார்க் இன்னும் வரவில்லை.

15 செப்டம்பர்

முதலில் கேள்வி கேட்டவர் இன்றுதான் திரும்ப வந்திருக்கிறார். அங்கிள் இல்லையாம், 24 வயதாம். அவர் பாட்டியும் வெட்டினவராம், பீடோர் பக்கம். "பட்டன்" பேச்சை வாபஸ் வாங்குகிறேன், ஸ்வெட்டர் பேச்சை வாங்க மாட்டேன் என்கிறார். வாங்க வேண்டாம், சட்டையைப் போட்டுப் பார்த்தேன், உண்மையிலேயே வேர்க்கிறது. அடுத்தது முழுப் பருத்தியில் பின்னணும்.

அம்மா அந்த வட்டத்தைக் கேட்கிறார், அயன் பெட்டிக்கு அடியில் வைக்கவாம். அது அக்ரிலிக் என்று எத்தனை முறை சொல்வது. பூனையிடமிருந்தும் வாங்க முடியவில்லை.

யாரிடமாவது சாம்பல் நிறப் பருத்தி கோன் மிச்சம் இருந்தால் சொல்லுங்கள். ஈப்போவுக்குள் என்றால் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.